கடலில் குளிக்கக் கரையில் என்ன வேண்டும்? நகரங்களின் பொதுக் கடற்குளியல் வசதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால் முதலில் பயம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் மற்றதெல்லாம் வெளியே வரும். ஈரத் துணியோடு பேருந்தில் எப்படி ஏறுவது? உடையை எங்கே மாற்றுவது? பையை யார் பார்த்துக்கொள்வது? பிள்ளையை அலை இழுத்துக்கொண்டு போனால் யார் ஓடிவருவார்? எல்லாமே கரையில் தீர்க்க வேண்டிய கவலைகள். நகர நிர்வாகம் மனது வைத்தால் முடிகிற வேலைகள். இதைப் பற்றிப் பேசப் போகும் இடத்திலெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றையும், நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே தருகிறேன்.

பொதுக் கடற்குளியல் வசதி என்றால் என்ன? நீச்சல் குளம் மாதிரியா?

நீச்சல் குளம் அளவுக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். கடலில் இறங்கப் பாதுகாப்பான ஓர் இடத்தைப் பார்த்து எல்லை குறிக்க வேண்டும். கண்காணிக்க ஆள் போட வேண்டும். கரையில் உடை மாற்ற அறை, கழிப்பறை, உப்பைக் கழுவ நல்ல தண்ணீர், பை வைக்க இடம், கொஞ்சம் நிழல். இவ்வளவுதான். நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பேருந்திலோ ரயிலிலோ வந்து சேர முடிய வேண்டும் என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன், பலர் சேர்ப்பதில்லை.

கடலாடுதல் என்று நம் மொழியில் பழைய சொல் ஒன்று உண்டு. குளிப்பதும் விளையாடுவதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. நீச்சல் தெரிந்தவர்களைவிட, இடுப்பளவு நீரில் நின்று அலை வாங்கிக்கொள்ள வருபவர்கள்தான் பெரும்பாலான கடற்கரைகளில் அதிகம். அவர்களை மனத்தில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கடல் இலவசம்தானே? இதற்கெல்லாம் எதற்குச் செலவு?

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை இது. எந்த வசதியும் இல்லாத கடற்கரையிலும் சிலர் குளிக்கத்தான் செய்கிறார்கள். யார் என்று பாருங்கள். கார் வைத்திருப்பவர் காருக்குள் உடை மாற்றிக்கொள்கிறார். ஓட்டலில் தங்கியிருப்பவர் அறைக்குப் போய் உப்பைக் கழுவிக்கொள்கிறார். இளவட்டப் பையன்கள் அப்படியே குதித்து, அப்படியே காய்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். பெண்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், புறநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. குழாயும் நாலு தடுப்பும் இல்லை என்பதே தடுத்துவிடுகிறது.

இந்த யோசனை புதிதா?

பழையது. கடற்குளியல் பணக்காரர்களின் மருந்தாக இருந்த காலத்திலேயே ஏழைகளுக்கும் அது வேண்டும் என்ற பேச்சு எழுந்துவிட்டது. 1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரில் குளிக்கச் சொன்னார், குடிக்கவும் சொன்னார். வசதியுள்ளவர்கள் பிரைட்டன் கரைக்குப் படையெடுத்தார்கள். குதிரை இழுக்கும் மரக்கூண்டு வண்டிக்குள் உடை மாற்றிக்கொண்டு, வண்டியைக் கடலுக்குள்ளேயே ஓட்டிப்போய், படியிறங்கி நீரில் அமிழ்வது அன்றைய முறை. வண்டிக்கு வாடகை உண்டு, முழுக்காட்டும் ஆளுக்குக் கூலி உண்டு. லண்டன் ஏழைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? ஜான் கோக்லி லெட்சம் என்ற மருத்துவர் 1791-இல் எடுத்த முயற்சியால், மார்கேட் என்ற கடலோர ஊரில் ஏழை நோயாளிகளுக்கென்றே கடற்குளியல் மருத்துவமனை உருவாகி, 1796-இல் திறக்கப்பட்டது. கண்டமாலை நோயாளிகள்தான் அங்கே முக்கியமாக அனுப்பப்பட்டார்கள்.

ரயில் வந்த பிறகு கதை மாறியது. பிரிட்டனில் 1871-இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டம் கோடையில் ஒரு திங்கள்கிழமையை விடுமுறையாக்கியது. ஆலைத் தொழிலாளர்கள் காலை ரயிலில் கடற்கரைக்குப் போய் இரவு ரயிலில் திரும்பினார்கள். அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே உள்ள ரெவியர் கடற்கரை 1896-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்நாட்டின் முதல் பொதுக் கடற்கரை என்று அதைச் சொல்வார்கள். கரையை ஒட்டி ஓடிய ரயில் பாதையை உள்ளே தள்ளி, கொட்டகைகளை அகற்றி, பிறகு உடை மாற்றப் பெரிய குளியல் இல்லமும் கட்டினார்கள். நியூயார்க்கின் கோனி தீவில் கரையின் பெரும்பகுதி தனியார் குளியல் விடுதிகளின் வேலிக்குள் கிடந்தது. 1920-இல் நகரச் சுரங்க ரயில் 5 சென்ட் கட்டணத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1923-இல் மரப்பலகை நடைபாதை போட்டுக் கரையை எல்லாருக்கும் ஆக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸில் 1936-இல் நடந்தது. தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அத்தோடு நிற்காமல், லியோ லாக்ராஞ்ச் என்ற இளம் துணைச் செயலர் ரயில்களில் 40 சதவீதத் தள்ளுபடி டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்தார். வாழ்நாளில் கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. விடுமுறையை மட்டும் கொடுத்து டிக்கெட்டை மறந்திருந்தால் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

கடற்கரையைத் தனியார் வளைத்துப் போட முடியுமா?

கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் தொகுக்கப்பட்ட ரோமச் சட்டமே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயல்பிலேயே எல்லாருக்கும் பொது என்கிறது. இன்றைக்கும் பல நாடுகளின் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான். நடைமுறையில் வளைக்கும் வழிகள் வேறு. கரையைக் கேட்க மாட்டார்கள். கரைக்குப் போகும் சந்துவழியை அடைப்பார்கள். மணலை விலைக்கு வாங்க மாட்டார்கள். நாற்காலி போட உரிமம் வாங்கி, உரிமத்தில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு இடத்தில் போடுவார்கள்.

இத்தாலியில் நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடும் உரிமங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கைகளில் இருக்கின்றன. அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றிய விதிக்கும் அந்நாட்டு அரசியலுக்கும் நடக்கும் இழுபறி இன்றும் தீரவில்லை. கிரீஸின் பாரோஸ் தீவில் 2023 கோடையில் உள்ளூர் மக்கள் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வாடகை நாற்காலி இல்லாமல், சொந்தத் துண்டை விரித்து உட்கார மணல் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மெக்சிகோவில் 2020-இல் சட்டத்தைத் திருத்தி, கரைக்குப் போகும் வழியை மறிக்கும் நில உரிமையாளருக்கு அபராதம் என்றார்கள். வழியைச் சட்டத்தில் எழுதியதால் இது எனக்குச் சரியான இடத்தில் வைத்த கை என்று படுகிறது.

கட்டணம் வாங்கலாமா?

நுழைய வாங்கக் கூடாது. பெட்டகச் சாவி, வெந்நீர்க் குளியல், துண்டு வாடகை, வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கு வாங்கலாம். கோபன்ஹேகன் நகரம் துறைமுகக் குளியல் தளங்களை இலவசமாகவே நடத்துகிறது. பக்கத்தில் காஸ்ட்ரப் கரையில் 2005-இல் கட்டிய வட்டவடிவ மரக் குளியல் மேடையும் இலவசம்தான்.

சிறு நுழைவுக் கட்டணம் வைத்தால் பராமரிப்புக்கு ஆகுமே என்று கேட்பார்கள். கட்டணம் வாங்க வேலி வேண்டும், வாயில் வேண்டும், டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும், அவர் கணக்கைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். வசூலில் பெரும்பகுதி வசூலிப்பதற்கே போய்விடும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஏற்கெனவே பேருந்துக்கு ஐந்து டிக்கெட் எடுத்து வந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

"ஆபத்து, குளிக்காதீர்" என்று பலகை வைத்தால் போதாதா? உயிர்காப்பாளர் எதற்கு?

பலகை வைத்தவருக்கு அது போதும். நாளைக்கு வழக்கு வந்தால் காட்டலாம். குளிக்க வருபவருக்குப் போதாது. தடை போட்ட கடற்கரைகளிலும் மக்கள் இறங்கத்தான் செய்கிறார்கள், காவலர் கண் மறைந்த இடமாகப் பார்த்து. கண்காணிப்புள்ள ஓர் இடத்தைக் கொடுத்து, அங்கே குளியுங்கள் என்று சொன்னால்தான் மற்ற இடத்தில் குளிக்காதே என்ற சொல்லுக்கு மதிப்பு வரும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். குளம், ஆறு, கிணறு எல்லாம் சேர்த்த கணக்கு அது.

கடலில் ஆளை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இழுவை நீரோட்டம். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. கரையில் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். வரிசையாக வெண்ணுரை கட்டி அலை உடைந்துகொண்டிருக்கும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரை இருக்காது. நீர் கொஞ்சம் கருத்து, அடங்கி, அங்கேதான் குளிக்க வாகாக இருக்கும் என்று தோன்றும். சில சமயம் மணல் கலங்கிய நீரும் கிழிந்த பாசியும் அந்த வழியே கடலுக்குள் போவது தெரியும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்த முடியாது. புதிதாக வருபவர் சரியாக அந்த அமைதியான இடத்தைத் தேடிப்போய் இறங்குவார். உயிர்காப்பாளரின் வேலையில் முக்கால் பங்கு, அவர் இறங்குமுன் விசில் ஊதி நாலடி தள்ளி அனுப்புவதுதான். மீட்பு என்பது அது தவறிய பிறகு வருவது.

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் போண்டி கடற்கரையில் பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து 200-க்கும் மேற்பட்டவர்களைச் சில நிமிடங்களில் இழுத்துக்கொண்டு போயின. அன்று தற்செயலாக உயிர்காப்புச் சங்கத்து இளைஞர்கள் பலர் கரையில் கூடியிருந்தார்கள். கயிற்றுச் சுருளோடும் பலகையோடும் பாய்ந்து இறங்கினார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். ஆள் இல்லாத கரையாக இருந்திருந்தால் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்க்கவே மனம் வரவில்லை.

கொடிகளுக்கு என்ன அர்த்தம்?

மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் கொண்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம்; அங்கே கண்காணிப்பு உண்டு. தனிச் சிவப்பு என்றால் ஆபத்து, இறங்காதீர்கள். ஊதாக் கொடி என்றால் ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. நீரோட்டம் இடம் மாறும். அதனால் கொடியும் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று மாற வேண்டும். சிமெண்டில் நட்டு வைத்த கொடிக்கம்பத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

இழுவை நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால்?

கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். களைத்துப்போவதால்தான் சாவு. மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் பக்கம் போய் அலையோடு திரும்புங்கள். நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, தள்ளித்தான் போகும். மிதக்கிறவரை உயிருக்கு ஆபத்து குறைவு. காப்பாற்றப் போகிறேன் என்று வெறுங்கையோடு பாயாதீர்கள். மிதக்கிற எதையாவது எறியுங்கள். ஒரு காலிப் பிளாஸ்டிக் கேனை மூடி எறிந்தாலும் உதவும்.

எங்கள் பக்கம் எப்போதும் கடுமையான அலை. அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது?

ஓயாதுதான். அதற்கு வழி கண்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். பாறைக் கரையில் இயற்கையாக உள்ள பள்ளத்தைக் கொஞ்சம் வெட்டி, கடல் பக்கம் தாழ்வான சுவர் எழுப்பிவிட்டால் போதும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து நீரை மாற்றும். இறக்கத்தின்போது உள்ளே நீர் நிற்கும். குளோரின் வேண்டாம், சூடாக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 100 கடற்குளங்கள் இருக்கின்றன. நியூகாசில் நகரத்தில் கைதிகளை வைத்துப் பாறையில் குடைந்த குளம் ஒன்று 1819 வாக்கில் உருவானது. அதே நகரத்தின் பெரிய கடற்குளம் 1922-இல் திறக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரணப் பணியாகப் பல குளங்கள் கட்டப்பட்டன. ஊருக்குக் குளமும் கிடைத்தது, ஆளுக்குக் கூலியும் கிடைத்தது.

தரையில் பாசி பிடிக்கும், வழுக்கும். அதனால் குறிப்பிட்ட நாளில் மதகைத் திறந்து காலி செய்து, தேய்த்துக் கழுவி, அடுத்த ஏற்றத்தில் நிரப்புகிறார்கள். பாறை இல்லாத வெறும் மணற்கரையில் இந்த யோசனையை அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது. சுவர் மணல் நகர்வைத் தடுத்து, ஒரு பக்கம் மேடிட்டு மறுபக்கம் கரையை அரித்துவிடும். அங்கே மிதவைக் கயிறு கட்டி எல்லை குறிப்பதே நல்லது.

நகரத்துச் சாக்கடை கடலில்தானே கலக்கிறது? அந்த நீரில் எப்படிக் குளிப்பது?

நியாயமான கேள்வி. பூசி மெழுகக் கூடாத கேள்வியும்கூட. நீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்றோ கலங்கலாக இருப்பதால் அசுத்தம் என்றோ சொல்ல முடியாது. மலக்கழிவின் அடையாளமான இரண்டு பாக்டீரியாக்களை எண்ணிப் பார்க்கிறார்கள்: ஈ.கோலி, குடல் என்டரோகாக்கை. உப்புநீரில் ஈ.கோலி சீக்கிரம் சாகும்; என்டரோகாக்கை தாக்குப்பிடிக்கும். அதனால் கடலுக்கு இரண்டாவதுதான் நம்பகமான அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, கடல்நீர் முதல் தரம் பெற 100 மி.லி. நீரில் என்டரோகாக்கை 100-க்கும் ஈ.கோலி 250-க்கும் மேல் போகக் கூடாது. ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகள் இந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கடைசித் தரத்திலேயே கிடக்கும் கரையில் குளிக்கவே வேண்டாம் என்று நிரந்தரமாக அறிவிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் சோதனை முடிவு வர ஒரு நாள் ஆகும். இன்றைக்குக் குளிப்பவருக்கு நேற்றைய நீரின் கணக்குத்தான் கிடைக்கிறது. அதனால் மழை, காற்று, கழிவுநீர் வழிந்த நேரம் ஆகியவற்றை வைத்து அன்றன்றே முன்கணித்துச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். கோபன்ஹேகன் துறைமுகம் பல ஆண்டுகள் யாரும் கால் வைக்காத சாக்கடையாக இருந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடி, பெருமழையில் பொங்கித் துறைமுகத்தில் கொட்டின. அதைப் பிடித்து வைக்கத் தேக்கத் தொட்டிகள் கட்டி, சுத்திகரிப்பைப் பலப்படுத்திய பிறகு 2002-இல் முதல் துறைமுகக் குளியல் தளத்தைத் திறந்தார்கள். நீர் கெடும் என்று கணிப்பு வந்தால் அன்றைக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். குளிக்க இடம் கேட்பது சாக்கடையைச் சரிசெய்யச் சொல்வதும் ஆகிறது. அதிகாரிகள் இந்தக் கோரிக்கையைக் கண்டு தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

மழை பெய்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பெருமழைக்குப் பிறகு திறந்த கடலில் ஒரு நாள். துறைமுகம், கழிமுகம் போன்ற நீர் தேங்கும் இடங்களில் மூன்று நாள். சிட்னி பக்கம் அதிகாரிகள் சொல்லும் கணக்கு இது. எங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மழைநீர்க் கால்வாய் வந்து விழும் வாயருகே எந்த நாளும் வேண்டாம்.

உடை மாற்றும் அறையில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது?

கொக்கி. சிரிக்காதீர்கள். ஒருமுறை ஒரு கடற்கரையில் புத்தம் புதிய உடை மாற்றும் அறைக்குள் போனேன். சுவரில் பளபளவென்று ஓடு. தாழ்ப்பாள் சரியாக இருந்தது. துணி மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. எனக்கு முன் வந்தவர்களின் கால்பட்டுத் தரையில் உப்புத் தண்ணீரும் மணலும் சேறாகக் கிடந்தன. உலர்ந்த துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றி வெளியே வந்தேன். பக்கத்து அறையிலிருந்து வந்த பெண்மணி காலுடையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். மாற்றிக்கொண்ட உடையும் நனைந்தாயிற்று.

ஆக, ஓர் அறைக்கு இரண்டு கொக்கி, உட்கார அகலத் திண்டு, தண்ணீர் தேங்காமல் வாசல் பக்கம் சாய்ந்த சொரசொரப்பான தரை, மேலே காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி, குழந்தையோடு இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஓர் அறையாவது. கதவு தரைக்கு மேல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம், உள்ளே ஆள் இருப்பது கால் தெரிந்து புரியும். அதற்காக எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயர்த்திவிடக் கூடாது. இரும்புக் கொக்கி ஒரு மழைக்காலம் தாங்காது. துருப்பிடிக்காத எஃகிலும் 304 வகை கடற்காற்றில் பழுப்பேறிவிடும். 316 வகை கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஆண்டுதோறும் மாற்றும் செலவு மிச்சம்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் உப்பைக் கழுவ நல்ல தண்ணீரா?

ஆளுக்கு 20 லிட்டர், ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என்று வைத்தால் 20,000 லிட்டர். இரண்டு பெரிய லாரித் தண்ணீர். யோசிக்க வேண்டிய அளவுதான். அழுத்தினால் சில நொடி ஓடித் தானே நிற்கும் குழாய் போட்டால் பாதியாகக் குறையும். மணலைக் கழுவக் கால்குழாய் தனியாக இருந்தால் இன்னும் குறையும். பலர் காலை மட்டும் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கழுவிய நீரைக் கரையோர மரங்களுக்குப் பாய்ச்சலாம், உப்பு தாங்கும் மரமாக இருந்தால்.

பெண்களுக்குத் தனி இடம் வேண்டுமா?

இரண்டு பக்கமும் வாதம் கேட்டிருக்கிறேன். கட்டாயப் பிரிவினை வேண்டாம். விரும்புபவருக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்பது என் கட்சி. சிட்னியின் கூஜி பகுதியில் பெண்களும் குழந்தைகளும் மட்டும் குளிக்கும் பழைய கடற்குளம் இன்றும் இயங்குகிறது. பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து 1995-இல் அதற்கு விலக்கு அளித்தார்கள். பர்தா அணிபவர், பாட்டி, கர்ப்பிணி, அறுவைத் தழும்பைப் பிறர் பார்க்க விரும்பாதவர் எல்லாரும் அங்கே வருகிறார்கள். இத்தாலியின் டிரியெஸ்டே நகரத்தில் சின்னஞ்சிறு பொதுக் கரை ஒன்று உண்டு. நடுவில் வெள்ளைச் சுவர். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்களும் குழந்தைகளும். சுவரை இடிப்போமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அங்கே வாடிக்கையாக வரும் பெண்களே அதற்கு அரணாக நிற்கிறார்கள்.

தனி இடம் இல்லாவிட்டாலும், பெண் உயிர்காப்பாளர்களை வேலைக்கு வைத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

இன்ன உடைதான் அணிய வேண்டும் என்று விதி போடலாமா?

இந்த விதிகளுக்கு நீண்ட, கொஞ்சம் வேடிக்கையான வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் பகலில் பிறர் கண்படக் கடலில் குளிப்பதே குற்றம். 1902-இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், இன்ன நேரத்தில் குளிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு மேன்லி கடற்கரையில் பட்டப்பகலில் இறங்கினார். அடுத்த ஆண்டே அங்கே தடை தளர்ந்தது. அப்போது சிக்கல், உடல் அதிகம் தெரிகிறது என்பது. 2016-இல் பிரான்ஸின் சில கடலோர ஊர்கள் உடலை முழுதும் மூடும் நீச்சலுடைக்குத் தடை போட்டன. அப்போது சிக்கல், உடல் போதுமான அளவு தெரியவில்லை என்பது! அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

பாதுகாப்புக்காக ஒன்று மட்டும் சொல்லலாம். நீளமான, தொளதொளத்த பருத்தித் துணி நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். முழுதும் மூடிக்கொள்ள விரும்பினால் உடலோடு ஒட்டிய, சீக்கிரம் உலரும் துணி நல்லது.

சக்கர நாற்காலியில் இருப்பவர் கடலில் இறங்க முடியுமா?

முடியும். மணலில் சாதாரணச் சக்கரம் புதையும். அதனால் நீர் விளிம்பு வரை விரிப்புப் பாதை, அங்கிருந்து பலூன் சக்கரம் வைத்த மிதக்கும் நாற்காலி. கிரீஸில் உருவான சீட்ராக் என்ற ஏற்பாடு சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. தண்டவாளம் போன்ற பாதையில் இருக்கை நகர்ந்து ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும், பிறகு திரும்பக் கொண்டுவரும். யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே பொத்தானை அழுத்திப் போகலாம். கைப்பிடிக் கம்பி ஒன்றை நீருக்குள் பத்தடி நீட்டினால் முட்டிவலிக்காரப் பெரியவர்கள் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

கரை பொதுவாக இருந்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள்தானே?

அப்படியில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி கடற்கரை பொதுப்பணத்தில் உருவாக்கப்பட்ட செயற்கை மணற்கரை. ஆனால் ஒரு காலத்தில் கறுப்பின மக்கள் அதில் கால் வைக்க முடியாமல் இருந்தது. கில்பர்ட் மேசன் என்ற மருத்துவர் தலைமையில் 1959 முதல் 1963 வரை மூன்று முறை கடலில் இறங்கும் போராட்டம் நடத்தினார்கள். 1960 ஏப்ரலில் அவர்களைக் கும்பல் ஒன்று தடியும் சங்கிலியும் கொண்டு தாக்கியது. 1968-இல்தான் நீதிமன்றம் கரையைத் திறந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1989 வரை நிறத்துக்கொரு கடற்கரை இருந்தது.

தடைப்பலகையே இல்லாமலும் மக்களை விலக்கலாம். நியூயார்க் அருகே 1929-இல் பூங்காத் துறை அதிகாரி ராபர்ட் மோசஸ் திறந்த ஜோன்ஸ் கடற்கரையின் குளியல் இல்லங்கள் பிரமாதமாக இருந்தன. அங்கே போகும் பூங்காச் சாலைகளிலோ வணிக வாகனங்களுக்கு அனுமதி இல்லை, குறுக்கே இருந்த பாலங்கள் பேருந்து நுழைய முடியாத அளவுக்குத் தாழ்வு. ஏழைகளை ஒதுக்கவே அப்படிக் கட்டினாரா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. எண்ணம் எதுவாகட்டும், கார் இல்லாதவர் அங்கே போவது பெரும்பாடாக இருந்தது. கடற்கரைத் திட்டம் என்று யாராவது காட்டினால் நான் முதலில் தேடுவது பேருந்து நிறுத்தத்தைத்தான். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது அடுத்தது.

மீனவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதா?

கேட்காமல் செய்தால் ஆகும். படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கரைவலை இழுக்கும் நேரம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கரை அவர்களுக்குப் பணியிடம். மற்றவர்களுக்குப் பொழுதுபோகும் இடம். முதல் உரிமை யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. குளியல் எல்லையை அவர்களோடு நடந்து பார்த்துக் குறியுங்கள். எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்த வரைபடத்தைவிடவும் அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். உயிர்காப்பாளர் வேலைக்கு முதலில் அழைக்க வேண்டியதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான். நிரந்தரச் சம்பளத்துக்கு, பருவக்கூலிக்கு அல்ல.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு விடுமுறை நாளில் காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு மணிக்கும் எண்ணுங்கள்: நீரில் எத்தனை பேர், மணலில் எத்தனை பேர், நீரில் இருப்பவர்களில் பெண்கள் எத்தனை, அறுபது தாண்டியவர்கள் எத்தனை. எங்கே உடை மாற்றுகிறார்கள், துண்டைப் பிடித்து மறைப்பது யார், எங்கே காலைக் கழுவுகிறார்கள், தண்ணீர் பாட்டிலைக் காலில் ஊற்றுபவர்கள் எத்தனை பேர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் எண்ணினால், அதை எடுத்துக்கொண்டு நகராட்சிக் கூட்டத்துக்குப் போகலாம்.

அங்கே மூன்றை மட்டும் கேளுங்கள். முதலில் பருவம் முழுதும் இரண்டு உயிர்காப்பாளர்களும் நாலு கொடிகளும். பிறகு கால்குழாய். பிறகு உடை மாற்ற இரண்டு மறைப்புகள். முதல் ஆண்டுக்குத் தகரமோ மூங்கிலோ போதும். இடம் தவறாக இருந்தால் கழற்றி மாற்றலாம், கட்டடத்தை மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு அதே தேதியில் அதே நோட்டோடு போய் மறுபடி எண்ணுங்கள். மணல் பக்கத்துக் கணக்கு குறைந்து நீர்ப்பக்கத்துக் கணக்கு ஏறியிருந்தால், சுவர் எழுப்பப் பணம் கேட்கலாம். கொக்கியையும் சேர்த்து.